டேப்பைத் திறக்காத நாற்பது நிமிடம்

போன வாரம் பவானி போன் செய்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் என்னிடம் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலி அவளுக்கு வந்திருக்கிறது. நர்சுகள் சங்கத்தில் ஒரு மலர் போடுகிறார்களாம். நெஞ்சுவலியோடு வருகிறவர்களின் ஈசிஜியை டேப் என்கிற கையடக்கக் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பதிக்கு அனுப்பும் திட்டம் இனி சின்ன ஹெல்த் சென்டர்களுக்கும் வருகிறதாம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தரும்படி என் அனுபவத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“நல்லதா நாலு வார்த்த எழுதுக்கா. நம்ப ஷீல்டு வாங்கினது, அதெல்லாம் போடு,” என்றாள்.

சரி என்று சொல்லி போனை வைத்தேன். அந்த ஷீல்டை எப்படி வாங்கினோம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறாள். நல்ல வார்த்தை நாலு என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதானால் முழுசாகப் போடட்டும்.

என் பெயர் நவமணி. சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் நர்சிங் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் பெட்பான் கழுவியதையும் திட்டு வாங்கியதையும் தவிர விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அரசாங்க வேலை. கடைசிப் பதினாறு வருடம் பிச்சாட்டூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிஷின் மேல் கோபம் இல்லை. டேப் வருவதற்கு முன்னால் நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் நாங்கள் செய்தது ஒரே வேலைதான். சீட்டு எழுதி, கையில் கொடுத்து, திருப்பதிக்குப் போ என்று அனுப்பிவிடுவோம். ஈசிஜி எடுத்தாலும் அதைச் சரியாகப் படிக்க ஆள் இருக்காது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அப்படித்தான் அனுப்பினேன். தானே நடந்து ஆம்புலன்சில் ஏறினார், எனக்குத் தேங்க்ஸ் கூடச் சொன்னார். வண்டி வடமாலபேட்டையைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. டிரைவர் போன் செய்து, “சிஸ்டர், இப்ப வண்டிய முன்னால வுடறதா, பின்னால வுடறதா?” என்று கேட்டான்.

அதனால் டேப் வந்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். சின்ன ஈசிஜி மிஷின், அதோடு இணையும் ஒரு டேப், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து, மூன்றும் வந்தன. ஆள் உள்ளே வந்ததும் டேப்பைத் திறந்து பெயரும் வயதும் போட வேண்டும். அந்த நொடியில் திரையில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மார்பு வியர்வையைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரத்தில் ரப்பர் குமிழ் நிற்காமல் வழுக்கும். முடி அடர்த்தியாக இருந்தால் ஆறு இடத்தில் மழிக்க வேண்டும். விலா எலும்புகளை விரலால் எண்ணிக்கொண்டே இறங்கி, நாலாவது இடைவெளியில் நடு எலும்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, மற்ற நாலையும் இடது பக்கமாக வளைத்துக்கொண்டு போக வேண்டும். ஆளைப் பேச விடக் கூடாது. கோடு வந்ததும் அனுப்பு என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் திருப்பதியில் இருக்கிற இதய டாக்டரின் கையில் அது போய் நிற்கும். அவர் பார்த்துவிட்டு ஊசி போடு, போடாதே என்று சில நிமிடத்தில் சொல்வார்.

போடு என்றால், சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, பக்கவாதம் வந்ததா, எங்காவது இரத்தம் கசிகிறதா என்று கேட்டு, எடை பார்த்து, மருந்தைக் கலக்க வேண்டும். குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். சில நொடிகளில் நரம்பில் ஏற்றிவிடலாம். எங்கள் டாக்டர் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் இல்லை என்றால் திருப்பதி டாக்டரே வீடியோவில் பார்த்துக்கொண்டு நர்சை வைத்துப் போடச் சொல்லலாம். அது விதியிலேயே இருந்தது. இந்த ஒரு வரியை நீங்கள் மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம்.

முதல் மாதம் ஒரு பூக்காரம்மாவுக்குப் போட்டோம். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் வலி குறைந்து, “எம்மா, நெஞ்சு மேல ஒக்காந்திருந்தவன் எழுந்து போய்ட்டான்,” என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை, மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

இனி எங்கள் பெரிய டாக்டர். பெயர் வேண்டாம். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். சட்டை கசங்காது, மேசையில் ஒரு தாள் கோணலாக இருக்காது. தினமும் காலையில் வார்டுக்குப் போவதற்கு முன்னால் தன் போனில் எங்கள் ஆஸ்பத்திரியின் பட்டியலைத் திறப்பார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. ஆள் வந்த நேரத்திலிருந்து ஊசி போட்ட நேரம் வரை அரை மணிக்குள் என்றால் அந்த வரி பச்சை, தாண்டினால் சிவப்பு. அந்தப் போனை எங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டுவார். “ரெட் ராகூடது அம்மா,” என்று தெலுங்கில் சொல்வார். சிவப்பு வரக் கூடாதாம். அந்த வரியில் இருக்கிற ஆள் பிழைத்தானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒருமுறை பவானி டியூட்டியில் நெட்வொர்க் போய்விட்டது. ஈசிஜி திருப்பதிக்குப் போகவே இல்லை. வரி சிவப்பாகிவிட்டது. மெமோ கொடுத்தார். பிள்ளைத்தாச்சிப் பெண், மருந்து அறையில் நின்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. நான்தான் சொன்னேன், என் வாயால்தான் சொன்னேன்: “எதுக்கு அழுவுற? அடுத்த வாட்டி மொதல்ல பேப்பர்ல ஈசிஜி எடு. ஊசி, லைன், கையெழுத்து எல்லாம் ரெடி பண்ணு. டாக்டரும் வந்து நிக்கட்டும். அதுக்கப்புறம் டேப்ப தொற. கடிகாரம் நாம தொறந்தாதானே ஓடும்?”

ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். மெத்தப் புத்திசாலி நான்.

அதன் பிறகு சிவப்பே வரவில்லை. பெரிய டாக்டருக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. கண்டிப்பார் என்று பயந்தேன். எல்லாரையும் கூப்பிட்டு, “பேஷண்ட் ரெடி அய்யாகே டேப் ஓபன் செய்யண்டி,” என்றார். நோயாளி தயாரான பிறகே டேப்பைத் திறக்க வேண்டும் என்று அதையே சட்டமாக்கிவிட்டார். டேப் அவர் மேசை டிராயருக்குப் போனது, சாவி என் இடுப்புக்கு வந்தது. தாமதத்தைக் குறைக்க வந்த சாமானைத் தாமதத்தை மூடி வைக்கப் பயன்படுத்தினோம். அந்த வருடம்தான் ஷீல்டு. மாவட்டத்திலேயே வேகமான ஆஸ்பத்திரியாம். மேடையில் நானும் நின்று பல்லைக் காட்டினேன், போட்டோ இருக்கிறது.

பல பேர் எங்கள் அதிர்ஷ்டத்தில் பிழைத்தார்கள். டாக்டர் பக்கத்து அறையில் இருந்தால் பத்து நிமிடம் மறைப்போம், அவ்வளவுதான். முனிரத்தினம் வந்த அன்று டாக்டர் பக்கத்து அறையில் இல்லை. நாராயணவனம் கோயில் உற்சவத்தில் மெடிக்கல் கேம்ப் டியூட்டிக்குப் போயிருந்தார். இன்னொரு டாக்டர் லீவு.

முனிரத்தினம் நிலக்கடலை போடுகிற விவசாயி, நாற்பது வயதுதான் இருக்கும். மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை அவர் மனைவி கஸ்தூரி டிவிஎஸ் வண்டியில் பின்னால் ஏற்றி, சரிந்து விழாமலிருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தி, “சிஸ்டர், முடிச்சு அவுக்க வரல, வந்து அவு,” என்று கத்தினாள். நான்தான் ஓடிப் போய் அவிழ்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது. எத்தனை மணிக்கு வலி வந்தது என்று கேட்டேன். பதினொன்று பத்துக்கு என்றாள், மோட்டாருக்குக் கரண்ட் வந்த நேரமாம். நெஞ்சுவலிக்காரரை அரை மணியில் கொண்டு வந்து சேர்த்தவர்களை நான் வேலை பார்த்த காலத்தில் விரல் விட்டு எண்ணலாம்.

பேப்பரில் ஈசிஜி எடுத்தேன். கோடு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் படிக்க டாக்டர் வேண்டாம், நானே படிப்பேன். ஆஸ்பிரினைக் கடித்து முழுங்க வைத்தேன், மற்ற மாத்திரைகளையும் கொடுத்தேன், கை நரம்பில் லைன் போட்டேன். பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன்.

“வச்சேஸ்துன்னான் அம்மா. அன்னீ ரெடி செய்யண்டி. டேப் ஓபன் செய்யொத்து,” என்றார். வந்துகொண்டே இருக்கிறாராம், எல்லாவற்றையும் தயார் செய்ய வேண்டுமாம், டேப்பைத் திறக்கக் கூடாதாம்.

சாவி என் இடுப்பில் இருந்தது. டிராயர் பதினைந்து அடி தூரம். திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் திருப்பதியிலிருந்து ஊசி போடு என்று சொல்லியிருப்பார்கள், என் கையாலேயே போட்டிருப்பேன். திறக்கவில்லை. யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டார்களா என்றால் இல்லை. பழகிவிட்டது. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது, பெயர் கெட வேண்டாம் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

முனிரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்து படுக்கை நனைந்தது. கஸ்தூரி கால்மாட்டில் நின்றாள்.

“இன்னா சிஸ்டர், ஊசி எட்து வெச்சிகினு நிக்கிற? போட மாட்டியா?”

“டாக்டர் வந்துகினு இருக்காரும்மா.”

“நேரம் ஆவுதே சிஸ்டர். மூஞ்சி கறுத்துகினு வருது பாரு.”

“வந்துடுவாரும்மா. இதோ.”

இதையே நான் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. பெரிய டாக்டர் பன்னிரண்டு இருபதுக்கு வந்தார். கை கழுவினார். “ரெடியா?” என்றார். டேப்பைத் திறந்தேன். கடிகாரம் ஓட ஆரம்பித்தது. இரண்டாவது தடவை ஈசிஜி எடுத்து அனுப்பினோம், திருப்பதியிலிருந்து நாலு நிமிடத்தில் பதில் வந்தது. ஊசி ஏறும்போது திரையில் பதினோரு நிமிடம். பச்சை. “குட்,” என்றார் டாக்டர்.

ஆம்புலன்சில் திருப்பதிக்கு அனுப்பினோம். சாயங்காலம் அங்கே இறந்துவிட்டார். இதயத் தசை நிறைய செத்துப் போயிருந்ததாக அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

இறந்தவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. தாமதம் எங்கே நடந்தது என்று அதில் ஒரு கேள்வி. வீட்டில், வழியில், ஆஸ்பத்திரியில் என்று மூன்று கட்டம். வலி பதினொன்று பத்துக்கு வந்தது, டேப் கணக்குப்படி ஆள் வந்தது பன்னிரண்டு இருபதுக்கு. ஊர் பக்கத்து ஊர், வழியில் அவ்வளவு நேரம் ஆகாது. பெரிய டாக்டர் வீடு என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டார். நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூசவே இல்லை அவருக்கு. எனக்குக் கூசியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அந்தக் கூச்சத்தால் யாருக்கு என்ன லாபம்?

வீட்டில் தாமதம் என்றால் அந்த ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம் போட வேண்டும் என்பது விதி. இந்த விதியை மட்டும் பெரிய டாக்டர் மறக்கவில்லை. அது தமிழ் பேசுகிற ஊர், அவருக்குத் தமிழ் வராது. அதனால் என்னை அனுப்பினார். சச்சிவாலயம் என்கிற கிராம அரசு அலுவலகத்துக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சுவலி வந்தால் வாயு என்று நினைக்காதீர்கள், சோடா, ஓமத் தண்ணி என்று நேரத்தைக் கடத்தாதீர்கள், சமீபத்தில் இந்தப் பக்கம் ஒரு குடும்பம் வலி வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்ததாக டேப்பில் பதிவாகியிருக்கிறது, அந்தத் தாமதத்தால் ஓர் உயிர் போனது என்று எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தேன். கஸ்தூரி கதவோரம் உட்கார்ந்திருந்ததைப் படித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். அவளுடைய மாமியார் எழுந்து நின்றாள்.

“கேட்டுக்கோடி! நர்சம்மாவே சொல்றாங்க. சோடா வாங்கிக் குட்து நேரத்த கடத்தி எம்புள்ளய சாவடிச்சிட்டியேடி!”

“நான் சோடா குடுக்கல அத்த. கட்டிகினு நேரா போனேன்.”

“அப்ப டேப்புல பொய்யா வரும்?”

நாற்பது பேரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்ததாக பிபி பரிசோதனை செய்துகொள்ள விரும்புகிறவர்கள் வரிசையில் வரலாம் என்று சொன்னேன். வேலை பார்த்த இத்தனை வருடத்தில் இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் அறைக்குப் போய், படிவத்தைத் திருத்த வேண்டும் என்றேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். உட்காரச் சொன்னார். எனக்கு டீ சொல்லி அனுப்பினார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஐடியா மீதே கதம்மா?” என்றார். யோசனை உங்களுடையதுதானே என்று கேட்கிறார். டீ வருவதற்குள் எழுந்து வந்தேன்.

அன்றிலிருந்து ஆள் வாசலில் காலை வைத்ததும் டேப்பைத் திறந்தேன். டாக்டர் இல்லாத நேரத்தில் இரண்டு பேருக்குத் திருப்பதி டாக்டரைக் கேட்டு நானே ஊசி போட்டேன். ஒன்றும் நடந்துவிடவில்லை, இரண்டு பேரும் இன்றைக்கும் மாத்திரை வாங்க வருகிறார்களாம். ஆனால் பட்டியலில் சிவப்பு வர ஆரம்பித்தது. ஒரு நாள் நெட்வொர்க் இல்லை, ஒரு நாள் சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட யோசித்தார்கள். அதெல்லாம் நிஜமான தாமதம், தெரிய வேண்டிய தாமதம். எனக்கு மெமோ வந்தது, பிறகு சாவி பவானிக்குப் போனது. கடைசி எட்டு மாதம் என்னைத் தடுப்பூசி ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். படிவத்தைத் திருத்தக் கேட்டு மேலே இரண்டு கடிதம் போட்டேன். ஆஸ்பத்திரி பதிவில் பதினோரு நிமிடம் என்று இருப்பதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். கஸ்தூரி வீட்டு வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் சற்றுத் தள்ளித் தனி அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். கிழவி, மருமகள் கையால் தண்ணீர் கூட வாங்கிக் குடிப்பதில்லையாம். ஊரில் ‘சோடா குடுத்தவ’ என்றுதான் கஸ்தூரிக்குப் பெயர். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டார்களாம், அதிலிருந்து எங்கும் போவதில்லை என்றாள்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். “நீ பதினொன்னு நாப்பதுக்கே வந்துட்டம்மா. டேப்ப நாங்க பன்னெண்டு இருவதுக்குத்தான் தொறந்தோம். ஒம்மேல தப்பு இல்ல.”

அவள் கை கடலையோடு நின்றது. “எத்தினி மணிக்கி வந்தேன்?”

“பதினொன்னு நாப்பது.”

“கத்தி சொல்லு. அத்தைக்குக் காது சரியா கேக்காது.”

கத்திச் சொன்னேன். அடுப்பண்டையிலிருந்து கிழவி எழுந்து வந்தாள். மருமகள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்த நீ?” என்று கேட்டாள் கஸ்தூரி.

“ரெடி பண்ணிகினு இருந்தேன்.”

“எதுக்கு?”

“பச்ச கலரு வர்றதுக்கு.”

அவள் அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்தாள்.

“நீ சொல்லிட்டு பஸ் ஏறிப் போய்டுவ. நாளைக்கி நான் சொன்னா எவன் நம்புவான்? எழுதிக் குடு. உம்பேரு, டாக்டர் பேரு, மணி, எல்லாம் எழுது. பெருசா எழுது.”

எழுதினேன். சாவி என்னிடம் இருந்ததையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டதும் கஸ்தூரி தாளைக் கிழித்துக்கொண்டு, அடுப்புச் சோற்றில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள். நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது எதிர்ப்புறம் சச்சிவாலயத்துச் சுவரில், அரசாங்கப் பட்டியல்கள் ஒட்டுகிற இடத்தில், சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அந்தத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். உள்ளேயிருந்து ஓர் ஊழியர் வேகமாக வெளியே வந்தார்.

“யாரைக் கேட்டு ஒட்ற? இது யார் எழுதினது?”

கஸ்தூரி திரும்பி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை விரல் நீட்டிக் காட்டினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பஸ் வந்து நின்றது. நான் அதில் ஏறாமல் ரோட்டைக் கடந்து போய், “நான்தான் எழுதினேன்,” என்றேன்.